குகை மாயாவியை எழுதியவர்கள்

எந்த ஆதாரம் கைக்கு வந்தாலும் நான் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் புரட்டுவேன். விற்றவர் யார், வாங்கியவர் யார், எத்தனை சென்ட், எத்தனை தெங்கு என்பதெல்லாம் அப்புறம். சாட்சிகளுக்குக் கீழே பொடி எழுத்தில் எழுதியவர் பெயரும் லைசென்ஸ் எண்ணும் இருக்கும். அதைப் பார்த்தாலே பாதி ஆதாரம் படித்த மாதிரி. அப்பாவிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. அவர் கன்னியாகுமரி ஜில்லாவில் குழித்துறைப் பக்கம் முப்பத்தெட்டு வருஷம் ஆதாரம் எழுதினார். எனக்கு இது இருபத்தாறாவது வருஷம். மற்ற ஜில்லாக்காரர்கள் பத்திரம் என்பார்கள். 1956 வரை திருவிதாங்கூரில் இருந்த எங்களுக்கு அது இன்னும் ஆதாரம்தான்.

"பேரு போட்டவனுக்குத்தான் பயம் இருக்கும், மக்கா" என்பார் அப்பா. அதன் அர்த்தம் எனக்கு 2015இல் விளங்கியது. பதினோரு வருஷத்துக்கு முன் நான் எழுதிய விலையாதாரம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஒருவர் வந்தார். வடக்கெல்லை தோடு (ஓடை), தெற்கெல்லை பஞ்சாயத்துப் பாதை என்று இருக்க வேண்டியதை நான் மாற்றி எழுதியிருந்தேன். அதன்படி பார்த்தால் மனிதர் தன் வீட்டுக்குள் போக ஓடையில் இறங்கித்தான் வர வேண்டும். கடைசிப் பக்கத்தில் என் பெயர் இருந்ததால் நேராக என்னிடமே வந்துவிட்டார். எழுத்துக்கூலி வாங்காமல் பிழைதிருத்தல் ஆதாரம் எழுதிக் கொடுத்து, ஒரு கட்டன் சாயாவும் வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், மூன்றே முக்கால் சென்ட் நிலத்துக்குக்கூட எழுதியவன் பெயர் வேண்டியிருக்கிறது. சின்ன வயதில் நான் வாசித்த நூற்றுக்கணக்கான காமிக்ஸ்களில் அது கிடையாது.

முதல் காமிக்ஸ் வாசித்தது முடிவெட்டுக் கடையில். பெஞ்சில் ராணி காமிக்ஸ் கிடக்கும். அட்டை இருக்காது, கடைசி இரண்டு பக்கம் இருக்காது. முடிவு தெரிய வேண்டுமென்றால் வேறு கடைக்கு முடிவெட்டப் போக வேண்டும். அப்புறம் ஆடி அமாவாசையை ஒட்டிக் குழித்துறையில் நடக்கும் வாவுபலிப் பொருட்காட்சி. ராட்டினம், மரணக்கிணறு, அப்பளம் எல்லாம் தாண்டி ஒரு ஓரத்தில் பழைய புத்தகம் விற்பவர் சாக்கு விரித்திருப்பார். இந்திரஜால், முத்து, லயன், ராணி என எல்லாம் கலந்து கிடக்கும். மழை பெய்தால் தார்ப்பாயை இழுத்து மூடிவிடுவார். அதற்குள் பொறுக்கிவிட வேண்டும்.

அன்று எங்களுக்குப் பெரிய குழப்பம், மாயாவிகள் இரண்டு பேர். முத்து காமிக்ஸ் 1972இல் முதல் இதழாகவே கொண்டுவந்த இரும்புக்கை மாயாவி ஒருவர். ராணி காமிக்ஸில் வந்த, மண்டையோட்டுக் குகையில் குடியிருக்கும் முகமூடி வீரர் மாயாவி இன்னொருவர். இரண்டாமவரை வேதாளர் என்றும் சொல்வார்கள். இங்கிலீஷில் பாண்டம். இதழ் மாற்றிக்கொள்ளும்போது பெயரால் சண்டை வரும். அதனால் எங்கள் வகுப்பில் ஒரு ஏற்பாடு: "எந்த மாயாவிலே? கை மாயாவியா, குகை மாயாவியா?"

நான் குகை மாயாவி கட்சி. அவருக்கு அமானுஷ்ய சக்தி ஒன்றும் கிடையாது. அப்பா செத்தால் மகன் அதே உடுப்பை மாட்டிக்கொள்கிறான், ஊர் உலகம் அதே ஆள் நானூறு வருஷமாகச் சாகாமல் இருக்கிறான் என்று நம்புகிறது. 1536இல் கடற்கொள்ளைக்காரர்களிடம் தகப்பனைப் பறிகொடுத்துக் கரை ஒதுங்கியவர் முதல் மாயாவி. நாம் வாசிப்பது இருபத்தொன்றாம் தலைமுறை. வாரிசு சான்றிதழ் இல்லாமல், பாகப்பிரிவினை இல்லாமல், ஒரு வழக்கும் இல்லாமல் இருபத்தொரு தலைமுறை சொத்து கைமாறியிருக்கிறது. இந்தத் தொழிலுக்கு வந்த பிறகுதான் அது எவ்வளவு பெரிய கற்பனை என்று எனக்குத் தெரிந்தது.

சில பழைய இதழ்களில் கட்டத்தின் மூலையில் லீ ஃபால்க் என்று இருக்கும். எழுத்துக் கூட்டி வாசித்து வைத்திருந்தேன். எல்லாவற்றையும் அவர்தான் எழுதுகிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

1999இல் கப்பலில் வேலை பார்த்த அத்தான் லீவுக்கு வந்தார். வழக்கமாக எனக்குச் சட்டைத்துணி வரும். அந்தத் தடவை பெட்டிக்குள் கையை விட்டு ஏழு காமிக்ஸ் எடுத்துத் தந்தார். "ஃப்ரீமேண்டில்ல ஒரு கடையில தொங்கிச்சு, மாப்ள. ஒனக்க ஆளு படம் போட்டிருந்துது, வாங்கிட்டேன்." ஆஸ்திரேலியாவில் ஃப்ரூ என்ற பதிப்பகம் 1948 முதல் பாண்டமை வெளியிட்டுக்கொண்டிருக்கிறது. அட்டை மட்டும் கலர், உள்ளே கறுப்பு வெள்ளை, சாணித்தாள். அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒன்றைத் திறந்தேன்.

கதை எழுதியவர் பெயர் இருந்தது. அது லீ ஃபால்க் இல்லை. அடுத்த இதழைத் திறந்தேன், வேறு பெயர். டோன் அவெனெல், நார்மன் வொர்க்கர், கிளாஸ் ரெய்மெர்த்தி, டோனி டெபால். ஒரு பெயரும் கேள்விப்பட்டதில்லை. போலி ஆதாரத்தைக் கண்டுபிடித்தவன் மாதிரி எனக்குக் கை நடுங்கியது. சரி, வாசித்துத்தான் பார்ப்போம் என்று வாசித்தேன். ஏழில் நாலு நன்றாகவே இருந்தன. அதில் ஒன்று, முடிவெட்டுக் கடையில் வாசித்த எதையும்விட நன்றாக இருந்தது. அதுதான் எனக்குக் கோபம்.

விஷயம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பிடிபட்டது. பாண்டமை உண்டாக்கிய ஃபால்க் எழுதியது பத்திரிகைக்கு. 1936 பிப்ரவரி 17இல் தொடங்கிய தினசரிப் படக்கதை. ஒரு நாளைக்கு மூன்று நாலு கட்டம். ஒரு கதை முடிய மாதக்கணக்காகும். ஸ்வீடனிலோ பாண்டமுக்கென்றே 1950 முதல் ஒரு பத்திரிகை வருகிறது. மாதம் இருமுறை. ஒரு மனிதர் தினம் மூன்று கட்டம் எழுதினால் மாதம் இரண்டு புத்தகத்துக்குக் காணுமா? காணாது. கிணறு ஒன்று, குடம் ஐம்பது. அதனால் அவர்களே ஆள் வைத்துப் புதுக் கதைகள் எழுத ஆரம்பித்தார்கள். 1970களிலிருந்து அது ஒரு பட்டறையாகவே ஓடியது. டீம் ஃபேண்டோமென் என்று பெயர். இங்கிலாந்தில் ஒருவர் கதை எழுதுவார், ஃபின்லாந்திலோ இத்தாலியிலோ ஒருவர் படம் போடுவார், ஸ்வீடனில் அச்சாகும், ஆஸ்திரேலியாவில் இங்கிலீஷில் வரும். அங்கிருந்து அத்தான் பெட்டியில் ஏறிக் குழித்துறைக்கு வரும்.

உல்ஃப் கிரான்பெர்க் என்பவர் அந்தப் பத்திரிகைக்கு 1972 முதல் நாற்பது வருஷம் ஆசிரியர். ஆசிரியராக இருந்துகொண்டே கதையும் எழுதினார். கிளாஸ் ரெய்மெர்த்தி நூற்றுக்கும் மேற்பட்ட பாண்டம் கதைகள் எழுதியவர். நூறு என்று சொல்வது எளிது. நான் ஒரே மாதிரி விலையாதாரத்தை நூறு தடவை எழுதுவதற்குள் கை தானாக ஓட ஆரம்பித்துவிடும், வடக்கு தெற்காகும். அவர் ஒவ்வொரு தடவையும் புது வில்லன், புது ஊர், புதுச் சிக்கல் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் அந்த மோதிரம், அந்த நாய், அந்தக் குதிரை எல்லாம் இருந்த இடத்தில் இருக்க வேண்டும். டெவிலை நாய் என்று சொன்னால் மாயாவி திருத்துவார், ஓநாய் என்பார். அந்த வசனத்தைக்கூட விட முடியாது, வாசகர் கடிதம் போட்டுவிடுவார்.

காட்டுப் பழமொழி விஷயத்தையும் சொல்ல வேண்டும். மாயாவி நகர்ந்தால் மின்னலும் அசையாமல் நிற்கும் என்று ஃபால்க் ஒரு பழமொழி போட்டார். அவரே உண்டாக்கி, காட்டுவாசிகள் தலையில் கட்டினார். பின்னால் வந்தவர்களும் புதிது புதிதாகப் பழமொழி உண்டாக்கி, அதுவும் காலங்காலமாகக் காட்டில் வழங்குகிறது என்று நம்ப வைக்க வேண்டும். நார்மன் வொர்க்கருக்கு இந்தப் பழமை காட்டும் வேலை நன்றாக வரும். அவர் முந்தைய தலைமுறை மாயாவிகளை எடுத்துக்கொள்வார். இருபது பேர் சும்மா குகைக்குள் கல்லறையில் கிடக்கிறார்களே, ஒவ்வொருவருக்கும் ஒரு நூற்றாண்டு, ஒரு கப்பல், ஒரு போர் உண்டே என்று தோண்டியெடுப்பார். ஒவ்வொரு மாயாவியும் தன் காலத்தில் நடந்ததைத் தன் கையால் பெரிய புத்தகத்தில் எழுதிக் குகையில் வைக்க வேண்டும் என்பது ஃபால்க் வைத்துவிட்டுப் போன வழக்கம். அந்த அலமாரி பின்னால் வந்த கதாசிரியர்களுக்குக் கிடைத்த தங்கச் சுரங்கம். எங்கள் அலுவலகப் பழைய வால்யூம்களைத் தூசி தட்டினால் கதை கொட்டுவது மாதிரிதான்.

டோன் அவெனெல் பெயரைத் தேடிக்கொண்டு போனபோதுதான் எனக்கு இரண்டாவது அதிர்ச்சி. லயன் காமிக்ஸ் வாசித்த எல்லோருக்கும் ஸ்பைடரைத் தெரியும். அமெரிக்க வலை மனிதர் இல்லை. காது கூரான, வலைத் துப்பாக்கி வைத்திருக்கும், தன்னைத் தானே புகழ்ந்துகொண்டே இருக்கும் குற்றச் சக்கரவர்த்தி. 1965இல் பிரிட்டிஷ் லயன் வார இதழில் பிறந்தவர். அவருக்கும் அவெனெல் கதை எழுதியிருக்கிறார். நான் ஒரே ஆளிடம் இரண்டு பெயரில் கதை கேட்டிருக்கிறேன், எனக்கே தெரியாமல். ஸ்பைடரை முதலில் உண்டாக்கியவர் டெட் கோவன். நம் சட்டித்தலையன் ரோபோ ஆர்ச்சியை 1952இல் உண்டாக்கியவரும் அதே கோவன்தான். ஆர்ச்சிக்கும் ஸ்பைடருக்கும் ஒரே தகப்பன் என்று எட்டாம் வகுப்பில் யாராவது சொல்லியிருந்தால் அடி விழுந்திருக்கும்.

கோவனுக்குப் பின் ஸ்பைடரை நிறைய எழுதியவர் ஜெர்ரி சீகல். சூப்பர்மேனை ஜோ ஷஸ்டரோடு சேர்ந்து படைத்த அதே சீகல். 1938இல் அவர்கள் சூப்பர்மேன் உரிமையை விற்ற விலை 130 டாலர். நான் ஆதாரம் எழுதுகிறவன், அதனால் இது எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே உறுத்துகிறது. இளவயதுப் பையன்கள் இரண்டு பேர், சகல உரிமைகளும் சகிதம் என்றென்றைக்குமாக எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பக்கத்தில் ஒரு நல்ல எழுத்தர் இருந்திருந்தால் "தம்பி, ஒரு வரி சேர்ப்போம்" என்று சொல்லியிருப்பார். கோர்ட்டுகள் ஏறி இறங்கி, 1975இல்தான் வருஷத்துக்கு ஆளுக்கு 20,000 டாலரும், கதையில் பெயர் போடுவதும் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் அந்த மனிதர் லண்டன் வார இதழுக்கு ஸ்பைடர் எழுதிக்கொண்டிருந்தார். அதை நாங்கள் தமிழில் வாசித்துக்கொண்டிருந்தோம். யார் எழுதியது என்று எங்கள் யாருக்கும் தெரியாது.

ஃபால்க்கின் பெயரிலேயே வேறு ஆள் எழுதியதும் உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அவர் அரசாங்கப் பணிக்குப் போனபோது ஆல்ஃபிரட் பெஸ்டர் அவருக்காக எழுதினார். பின்னாளில், 1953இல், அறிவியல் புனைகதை நாவலுக்கான முதல் ஹ்யூகோ பரிசை வாங்கியவர் அவர். பெரிய ஆளே பெயர் இல்லாமல் எழுதியிருக்கும்போது மற்றவர்களைச் சொல்வானேன்.

தக்கலையில் எனக்கு ஒரு காமிக்ஸ் நண்பர் உண்டு. ஓய்வு பெற்ற வாத்தியார். அரண்மனைச் சாலையில் அவர் வீடு. மாதம் ஒரு ஞாயிறு போவேன், மரச்சீனியும் மீன்குழம்பும் கிடைக்கும், சண்டையும் கிடைக்கும்.

"ஓய், ஃபால்க் செத்த அன்னைக்கு மாயாவியும் செத்தாச்சு. இதெல்லாம் டூப்ளிகேட்டாக்கும்."

"மாயாவியே இருபத்தொண்ணாவது டூப்ளிகேட்தானே, சார்?"

"அது வேற வே."

எப்படி வேறு என்று அவர் இதுவரை சொன்னதில்லை. ஆனால் அவர் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. ஸ்வீடன் கதைகளில் பத்துக்கு நாலு வெறும் சக்கை. கடத்தல்காரன், ஹெலிகாப்டர், ஒரு குத்து, தாடையில் மண்டையோட்டுத் தழும்பு, முற்றும். பக்கம் நிரப்ப எழுதியது வாசிக்கும்போதே தெரியும். ஃபால்க்கிடம் இருந்த லேசான கிண்டல் இவர்களில் பலருக்கு வராது. மாயாவி ஓவர்கோட்டும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு நகரத்து பாரில் பால் கேட்பாரே, அந்த மாதிரி ஒரு கட்டத்தை எழுத ஃபால்க்தான் வேண்டும். ஆனால் 1990களின் ஃபால்க்கை வாசித்துப் பாருங்கள், அவரும் களைத்துப் போயிருப்பார். அறுபது வருஷம் எழுதினால் யாருக்கும் அப்படித்தான். 1999 மார்ச்சில் தன் 87ஆம் வயதில் இறக்கும்வரை அவர் பேனாவைக் கீழே வைக்கவில்லை. விட்டுப்போன கடைசிக் கதைகளை மனைவி எலிசபெத் முடித்துக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு பத்திரிகைப் படக்கதையை ஸ்வீடன் பட்டறை ஆட்களிடமே கொடுத்தார்கள். ரெய்மெர்த்தியும் டெபாலும் பங்கிட்டு எழுதினார்கள். பின்னர் டெபால் மட்டும். அவர் ரோட் ஐலண்டில் பத்திரிகை நிருபராக இருந்தவர். என்னைக் கேட்டால், இந்த வரிசையில் பெரிய ஆள் அவர்தான். வாத்தியார் இதை வாசித்தால் அடுத்த மாதம் மீன்குழம்பு கிடையாது, பரவாயில்லை.

2009இல் டெபால் ஒரு கதை தொடங்கினார். மாயாவியின் மனைவி டயானா ஒரு பயங்கரவாதத் தாக்குதலில் இறந்துவிட்டதாகச் செய்தி வருகிறது. ஃபால்க் 1977இல் கல்யாணம் பண்ணி வைத்த டயானா. 1979இல் இரட்டைப் பிள்ளை பெற்றவர். உண்மையில் அவர் சாகவில்லை, பைதான் என்ற எதிரி அவரை ரகசியமாக ஒரு கொடுஞ்சிறைக்கு அனுப்பியிருக்கிறான். இது வாசகனுக்குத் தெரியும். மாயாவிக்குத் தெரியாது. இந்த ஒரு முடிச்சை வைத்துக்கொண்டு தினம் இரண்டு மூன்று கட்டமாக இரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைய ஓட்டினார். நான் மத்தியானம் சோறு தின்றபின் ஆபீஸ் கம்ப்யூட்டரில் அன்றைய கட்டங்களை வாசிப்பேன். அரை நிமிஷ வேலை. சில நாள் வசனமே இருக்காது. மனிதர் குகையில் உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான். அடுத்த நாளும் அதே இருப்பு. எனக்கு எரிச்சல் வரும். ஆனால் அந்த எரிச்சலுக்குள் ஒரு விஷயம் இருந்தது. அம்மா இறந்த வருஷம் அப்பா எங்கள் திண்ணையில் உட்கார்ந்ததும் இப்படித்தான் இருந்தது. நாளைக்கு எழுந்து ஆபீஸ் போவாரோ என்று நாங்கள் பார்ப்போம், அவர் உட்கார்ந்தே இருப்பார். புத்தகமாக ஒரே மூச்சில் வாசித்தால் இது கிடைக்காது. தினம் மூன்று கட்டம் என்ற அந்தச் சின்ன அளவைத் துக்கத்துக்கு அளவாக ஆக்கியிருந்தார் டெபால். ஃபால்க் இந்தக் காரியத்தைச் செய்யவில்லை.

சரி, வெளிநாட்டுக்காரர்களைச் சொல்லிவிட்டு நம் ஆட்களை விட்டால் பாவம். முடிவெட்டுக் கடையில் நான் கேட்ட மாயாவியின் குரல் ஃபால்க்குடையதும் இல்லை. யாரோ ஒருவர் மேஜையில் உட்கார்ந்து, குறுகலான பலூனுக்குள் தமிழை மடக்கி மடக்கி நுழைத்த குரல் அது. கட்டம் சின்னதானால் வசனத்தை வெட்டுவார், பெரிதானால் ஒரு "ஆ! ஐயோ!" சேர்ப்பார். மாயாவியின் மரியாதை, வில்லனின் திமிர், சின்னப் பயல்களின் கிண்டல் எல்லாம் அவர் கைவண்ணம். அவர் பெயரும் அந்தப் பக்கங்களில் இல்லை.

போன மழைக்காலத்தில் பெட்டியைத் திறந்து எல்லா இதழ்களையும் உணக்கப் போட்டேன். ரப்பர் ஷீட் காயப்போடும் கொடியில் ஏழு ஆஸ்திரேலியர்களும் நாற்பத்துச் சொச்சம் தமிழர்களும் வரிசையாகத் தொங்கினார்கள். சாயங்காலம் எடுத்து அடுக்கும்போது பென்சிலை எடுத்து, கதாசிரியர் தெரிந்த இதழ்களில் கடைசிப் பக்கத்தின் அடியில் எழுத ஆரம்பித்தேன். கை பழகின பழக்கம், ஆதார பாணியிலேயே வந்தது. 'எழுதியவர்: டோன் அவெனெல்.' 'எழுதியவர்: ஜெர்ரி சீகல்.' தமிழ் இதழ்களில் அதற்குக் கீழே 'தமிழில்:' என்று போட்டு ஒரு கோடு இழுத்து வைத்தேன்.

மறுநாள் ஆபீஸில் டைப் பண்ணும் பிள்ளை, மேஜையில் கிடந்த ஸ்பைடரை எடுத்துப் பின்பக்கத்தைப் பார்த்தாள். அவளுக்கும் இப்போது கடைசிப் பக்கத்திலிருந்து வாசிக்கும் வியாதி வந்துவிட்டது.

"சார், இந்த ஜெர்ரி சீகல் எந்த ஆபீஸ்?"

"அமெரிக்கா, பிள்ளே."

"லைசென்ஸ் நம்பர் போடலையே?"